மேஸ்திரி மேலும் 15,000 கேட்கிறார்: கொடுப்பதா, மறுப்பதா?

கேள்வி:

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. திருச்சியில் தனியாக வசிக்கிறேன்; மகன் புனேயில் இருக்கிறான். வீட்டின் உட்புறம் முழுவதும் பெயிண்ட் அடிக்க, பொருளும் கூலியும் சேர்த்து 72,000 ரூபாய் என்று ஒரு மேஸ்திரியிடம் வாய்ப்பேச்சாகப் பேசினேன். முன்பணம் 25,000, பிறகு 15,000, அதன்பின் 12,000 என்று இதுவரை 52,000 கொடுத்தாயிற்று. ஹாலும் ஒரு படுக்கையறையும்தான் முடிந்திருக்கின்றன. இன்னொரு படுக்கையறையும் சமையலறையும் புட்டி, பிரைமரோடு நிற்கின்றன. குளியலறைகளையும் நடையையும் இன்னும் தொடவே இல்லை. இப்போது மேலும் 15,000 கொடுத்தால்தான் திங்கட்கிழமை ஆள் வரும் என்கிறார்.

மேஸ்திரி இல்லாத நேரத்தில், வேலைக்கு வரும் பையன் ஒருவன் அம்மாவுக்கு மருந்து வாங்க 2,000 ரூபாய் கேட்டான். "மேஸ்திரியிடம் சொல்லிவிடாதீர்கள் அம்மா" என்றும் சொன்னான். பெயிண்ட் வாளிக்குள்ளிருந்து ஏதோ டோக்கனை எடுத்து அவர்கள் பையில் போட்டுக்கொண்டதையும் பார்த்தேன். போன வாரம் ஆப் வழியாக வந்த பிளம்பரோ, "ஆப்பில் ரத்து செய்துவிட்டு என்னிடம் நேரில் கொடுங்கள், 300 குறைத்துக்கொள்கிறேன்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். எனக்கு முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல வராது. மகன் திட்டுகிறான். பக்கத்து வீட்டுக்காரர், கொடுத்துத் தொலையுங்கள் என்கிறார். என்ன செய்வது? குளியலறையை ஒட்டிய சுவரில் புட்டி உப்பி உதிர்கிறது, அதையும் சொல்லுங்கள்.

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி)

கட்டடப் பொறியாளரின் பதில்:

வணக்கம் டீச்சர்.

52,000 வாங்கிக்கொண்டு இரண்டே அறைகளை முடித்திருக்கிறார் என்று படித்தவுடன் எனக்கும் மேஸ்திரி மேல் கோபம்தான் வந்தது. பிறகு ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கோபம் பாதி இறங்கிவிட்டது. அந்தக் கணக்கை நீங்களும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். அவரிடம் என்ன பேசுவது, எவ்வளவு கொடுப்பது என்பதெல்லாம் அதிலிருந்துதான் வரவேண்டும்.

உங்கள் வீட்டின் அளவு எனக்குத் தெரியாது. இரண்டு படுக்கையறை கொண்ட சாதாரண வீடு என்று வைத்துக்கொள்கிறேன். சுவர்ப் பரப்பில் ஹாலுக்கு நூற்றுக்கு 35, படுக்கையறை ஒவ்வொன்றுக்கும் 20, சமையலறைக்கு 12, குளியலறைகளுக்கும் நடைக்கும் சேர்த்து 13 என்று பிரிக்கலாம். ஹாலும் ஒரு படுக்கையறையும் முடிந்தால் 55 பங்கு, அதாவது 39,600 ரூபாய் வேலை முடிந்தது. அடுத்த படுக்கையறையும் சமையலறையும் பிரைமர் வரை வந்திருக்கின்றன. புட்டி இரண்டு கை இழுத்து, உப்புத்தாளால் தேய்த்து, பிரைமரும் அடித்துவிட்டால் அந்த அறையின் உழைப்பில் பாதிக்கு மேல் முடிந்ததாகவே எங்கள் தொழிலில் கொள்வோம். நிறம் ஏறும் கடைசி இரண்டு கோட்டுதான் கண்ணுக்குத் தெரியும். ஆனால் அது வேகமாக ஓடிவிடும் வேலை. பாதி என்றே வைத்துக்கொண்டாலும் 32 பங்கில் 16, சுமார் 11,500 ரூபாய். மொத்தம் 51,000 ரூபாய்க்குச் சற்று மேல் வேலை நடந்திருக்கிறது. நீங்கள் கொடுத்தது 52,000.

ஆக, இன்றைய நிலவரப்படி மேஸ்திரி உங்களை ஏமாற்றிவிடவில்லை. கொடுத்ததும் நடந்ததும் ஏறத்தாழச் சமம். உங்கள் மகனிடம் இதைச் சொல்லுங்கள், கொஞ்சம் அடங்குவார்.

ஆனால் இன்று கேட்கும் 15,000-ஐயும் கொடுத்துவிட்டால் கணக்கு தலைகீழாகும். உங்கள் கையில் 5,000 மீதி இருக்கும். சுவரில் ஏறத்தாழ 21,000 ரூபாய் வேலை பாக்கி இருக்கும். 5,000 ரூபாய்க்காக 21,000 ரூபாய் வேலையைச் செய்ய எந்த மேஸ்திரிக்கும் கால் எழாது. அதற்கு அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. வேறொரு வீட்டில் புதிய முன்பணம் அவருக்காகக் காத்திருக்கும், அவ்வளவுதான். "நாளைக்கு வருகிறேன் அம்மா" என்று மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கும் வீடுகளில் பெரும்பாலானவை, பணம் வேலையை முந்திப் போன வீடுகள்.

அவர் ஏன் இப்படிக் கேட்கிறார் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தெரிந்தால் மறுப்பது எளிதாகும். பெயிண்ட், கொத்து, தச்சு எதுவானாலும் நம் ஊரில் ஆட்களுக்குச் சம்பளம் சனிக்கிழமை. அன்று மாலை கூலி கைக்கு வரவில்லையென்றால் திங்கட்கிழமை அந்த ஆள் வேறு மேஸ்திரியிடம் போய்விடுவான். வாரத்தவணைக் குழுக் கடன் கட்டும் வீடுகள் அவர்களுடையவை. சனிக்கிழமை தவறினால் வீட்டில் பேச்சு கேட்க வேண்டும். சிறிய மேஸ்திரிகளிடம் சொந்த முதல் இருப்பதில்லை. உங்கள் முன்பணத்தில் போன வீட்டுப் பாக்கிக் கூலியைத் தீர்த்திருப்பார். கடைக்காரர் கடனில் கொஞ்சம் அடைத்திருப்பார். மீதியில் உங்கள் வேலையைத் தொடங்கியிருப்பார். இப்போது உங்கள் வேலைக்கான கூலிக்குக் கையில் காசில்லை. அடுத்த வீட்டு முன்பணம் வந்தால்தான் இங்கே பாக்கி தீரும் என்று இந்தச் சங்கிலி ஓடிக்கொண்டே இருக்கும். வெள்ளிக்கிழமை மாலை வாசலில் வந்து அவர் தலையைச் சொறிவது இதனால்தான். அவருடைய நெருக்கடி உண்மையானது. அதைத் தீர்க்கும் பொறுப்பு முழுவதையும் நீங்கள் ஏற்கவேண்டியதில்லை என்பதும் உண்மை.

இல்லை என்று சொல்ல வராது என்கிறீர்கள். சொல்லவே வேண்டாம். எப்போது, எதற்கு, எவ்வளவு என்று மட்டும் சொல்லுங்கள். அவரை உட்காரவைத்து, டீ கொடுத்து, நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு இப்படிப் பேசலாம்: "மேஸ்திரி, 72,000 பேசினோம், 52,000 கொடுத்திருக்கிறேன், 20,000 பாக்கி. ஆட்கள் வந்து இந்தப் படுக்கையறைக்கு முதல் கோட் முடித்த அன்று மாலையே 6,000 தருகிறேன். படுக்கையறையும் சமையலறையும் முழுதாக முடிந்த அன்று 7,000. குளியலறை, நடை, துடைப்பு எல்லாம் முடிந்து நான் பார்த்த பிறகு 7,000. வேலை முடிந்தால் நான் ஒரு நாள்கூடத் தள்ளமாட்டேன்." இதில் எங்கேயும் மறுப்பு இல்லை, சந்தேகம் இல்லை, மன்னிப்பும் இல்லை. அவர் பழையபடி 15,000 என்று ஆரம்பித்தால் புதிய காரணம் எதையும் தேடாதீர்கள். அதே மூன்று தொகைகளை அதே வரிசையில் திரும்பச் சொல்லுங்கள். வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவருக்கு இது கடினமாக இருக்காது.

"மகனைக் கேட்டுச் சொல்கிறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். நிறையப் பேர் இதை நல்ல சாக்கு என்று நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் இது பாதகம்தான். அன்றிலிருந்து வீட்டில் முடிவெடுப்பவர் நீங்கள் இல்லை என்றாகிவிடும். நீங்கள் சுட்டிக்காட்டும் சொட்டையும் திட்டையும் அதன்பிறகு யார் காதில் வாங்குவார்கள்? "கையில் காசில்லை, நாளைக்கு பாங்கில் எடுத்து வைக்கிறேன்" என்பதும் வேண்டாம். தனியாக இருப்பவர் வீட்டில் எப்போது ரொக்கம் இருக்கும் என்பது நான்கு பேருக்குத் தெரியவேண்டிய செய்தி இல்லை. அவர்கள் கண்முன் பீரோவைத் திறந்து பணம் எடுப்பதையும் தவிருங்கள். கூடியவரை தொலைபேசி வழியாகவே அனுப்புங்கள். அனுப்பும் முன் திரையில் வரும் பெயர் மேஸ்திரியுடையதுதானா என்று பாருங்கள். மச்சான் எண், கடைக்காரர் எண் என்று வேறு எண் கொடுத்தால், "உங்கள் பெயரில் இருக்கும் எண்ணைக் கொடுங்கள்" என்று சொல்லிவிடலாம். பின்னால் பேச்சு வந்தால் யாருக்குப் போனது என்ற குழப்பம் இருக்காது.

ஒருவேளை அவர், "கூலிக்கு இல்லை அம்மா, பெயிண்ட் வாங்கத்தான்" என்று சொல்லக்கூடும். நல்லது. பாக்கி வேலைக்கான வாளிகள் வீட்டில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் கடைப் பெயரையும் தேவையான அளவையும் எழுதி வாங்கிக்கொண்டு, கடைக்கு நீங்களே பணம் அனுப்புங்கள். பில் உங்கள் பெயரில் வரட்டும், தொகையை 20,000-இல் கழித்துக்கொள்ளுங்கள். உண்மையிலேயே பெயிண்ட் தேவைப்படும் மேஸ்திரிக்கு இதில் வருத்தம் இருக்காது. வருத்தப்பட்டால், பணம் எதற்கு என்பது உங்களுக்கே புரிந்துவிடும்.

எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்: தேதி, தொகை, என்ன வேலை முடிந்தது. பக்கத்தில் அவருடைய கையெழுத்து. முன்பு கொடுத்த மூன்று தொகைகளையும் இப்போதே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். முடியாத அறைகளைத் தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் சட்டப்படி செல்லும்; அதை நிரூபிக்கத்தான் இந்த நோட்டு.

அவர் வராமலே போய்விட்டால்? பாக்கி 20,000 உங்களிடம் இருக்கிறது. இன்னொருவர் விட்டுப்போன வேலையை எடுக்கும் பெயிண்டர் கொஞ்சம் கூடுதலாகவே கேட்பார். ஆனாலும் இந்தத் தொகையை ஒட்டி முடித்துவிட முடியும். உங்கள் பாதுகாப்பு அந்தப் பணம்தான். அதையும் மீறிப் பெரிய நஷ்டம் என்றால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 1915 என்ற தேசிய உதவி எண்ணில் முறையிடலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் மனு செய்யவேண்டும். இதை மேஸ்திரியிடம் சொல்லி மிரட்டாதீர்கள். வேலை பாதியில் நிற்கும்போது சட்டம் பேசினால் கடைசிக் கோட்டு தண்ணீராகத்தான் விழும்.

இனி அந்தப் பையன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது இதுதான்.

2,000 பெரிய தொகை இல்லை, கொடுத்துவிடலாம் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். சிக்கல் தொகையில் இல்லை, "மேஸ்திரியிடம் சொல்லாதீர்கள்" என்ற நிபந்தனையில் இருக்கிறது. மேஸ்திரி அவனுக்குக் கூலி பாக்கி வைத்திருக்கிறார் என்றால், நீங்கள் கொடுக்கும் பணம் மேஸ்திரி கொடுக்கவேண்டியதற்கு ஈடாகிவிடும். உங்கள் 72,000-க்குள் அது வரவும் வராது. கூலியெல்லாம் வந்துவிட்டது, வீட்டில் உண்மையாகவே கஷ்டம் என்றால் அது வேறு விஷயம். இரண்டில் எது என்று தெரியாமல் கொடுக்காதீர்கள். பணம் கொடுக்கும் நாளில் எல்லோரையும் வைத்துக்கொண்டே மேஸ்திரியிடம் கொடுங்கள். அனுப்பிய பிறகு சாதாரணமாக, "எல்லோருக்கும் போன வாரக் கூலி வந்துவிட்டதா?" என்று பொதுவாகக் கேளுங்கள். பையனைப் பார்த்துக் கேட்கவேண்டாம். பதில் வராவிட்டாலும் முகங்கள் சொல்லிவிடும். வீட்டுக்காரம்மா கவனிக்கிறார் என்று தெரிந்தால், மேஸ்திரி அன்று முதலில் கூலியைத்தான் தீர்ப்பார்.

உதவிதான் செய்யவேண்டும் என்று தோன்றினால், திரும்பி வராது என்று நினைத்து, உங்களால் முடிந்த 500 ரூபாயோ 1,000 ரூபாயோ கொடுங்கள். கடன் என்று பெயர் வைக்காதீர்கள். கைமாற்று என்று கொடுத்துவிட்டால் அடுத்த வாரம் அவன் உங்கள் கண்ணில் படாமல் வேலைசெய்யப் பார்ப்பான். முடியாதபோது வேலைக்கே வராமல் நின்றுவிடுவான். "இதை நான் மேஸ்திரியிடம் மறைக்கமாட்டேன் தம்பி, அவராகக் கேட்டால் சொல்லிவிடுவேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கொடுங்கள். அதன்பிறகும் வாங்கிக்கொண்டால் பெரும்பாலும் தேவை உண்மை.

பணத்தைவிடப் பயன்படக்கூடிய ஒன்றும் உண்டு. அம்மாவுக்கு என்ன மருந்து என்று கேளுங்கள். சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ என்றால், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரைகள் வீட்டுக்கே இலவசமாக வரும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துகொண்டால் போதும். பெயிண்டர்கள் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளலாம். பிள்ளைகளின் படிப்புக்கும் விபத்துக்கும் அதில் உதவித்தொகை உண்டு. இந்த ஆட்களில் எத்தனை பேர் பதிந்திருக்கிறார்கள் என்று டீ நேரத்தில் விசாரித்துப் பாருங்கள். படிவம் நிரப்பத் தெரியாமல் விட்டவர்கள் இருந்தால், ஓர் ஆசிரியை அரை மணி நேரத்தில் முடித்துக்கொடுத்துவிடலாம்.

டோக்கன் விஷயத்தை விட்டுவிடுங்கள். பெயிண்ட் நிறுவனங்கள் பெயிண்டர்களுக்கென்றே வாளிக்குள் வைக்கும் ஊக்கத்தொகை அது. இப்போது பலவற்றில் தொலைபேசியால் ஸ்கேன் செய்யும் குறியீடாக மாறிவிட்டது. பல காலமாக அது அவர்கள் காசு. அதைக் கேட்டு வாங்கிக்கொண்ட வீட்டுக்காரர்களையும் பார்த்திருக்கிறேன். எவ்வளவோ செலவழித்து வீடு கட்டியவர்கள் டோக்கனுக்குக் கைநீட்டுவது பார்க்க நன்றாக இருக்காது. வாளி சீல் உடையாமல் உங்கள் முன்னால் திறக்கப்படுகிறதா என்று பாருங்கள், அது போதும். பதினொரு மணி டீயும் நாலு மணி டீயும் அப்படித்தான், கணக்கில் சேர்க்காதீர்கள்.

பிளம்பர் கேட்டதற்கு என் பதில் நேரடியானது: ஒத்துக்கொள்ள வேண்டாம். அவருடைய ஆதங்கம் நியாயம்தான். நீங்கள் கொடுப்பதில் ஒரு பங்கை நிறுவனம் பிடித்துக்கொள்கிறது. ஆனால் ஆப்பில் ரத்து செய்த நொடியில், அந்த வேலை நடந்ததற்கே சான்று இல்லாமல் போகிறது. நாளை அதே குழாய் ஒழுகினால் இலவசமாக வந்து பார்க்கவேண்டிய பொறுப்பு யாருக்கும் இருக்காது. 300 ரூபாயைவிட முக்கியமான ஒன்று: தனியாக இருக்கும் உங்கள் வீட்டுக்குள் இன்ன நாளில் இன்ன ஆள் வந்தார் என்ற பதிவு வெளியில் ஓரிடத்தில் இருப்பது உங்களுக்குக் காவல். அதை 300 ரூபாய்க்கு விற்காதீர்கள். "ஆப்பில் வந்த வேலையை ஆப்பிலேயே முடித்துவிடுகிறேன் தம்பி, வேலை நன்றாக இருக்கிறது என்று எழுதிவிடுகிறேன்" என்று சொல்லுங்கள். அவர்களுக்கு அடுத்த வேலை கிடைப்பதில் அந்த மதிப்பெண்ணுக்குப் பங்கு உண்டு. வேலை பிடித்திருந்து தனியாக 50, 100 கொடுக்க விரும்பினால் தாராளமாகக் கொடுங்கள்.

இன்னொன்று, இப்படி வருபவர்கள் பெயரில் தொலைபேசியில் நடக்கும் மோசடி. "பணம் திருப்பி அனுப்புகிறோம், ரகசிய எண்ணைப் போடுங்கள்" என்று யாராவது சொன்னால் உடனே வைத்துவிடுங்கள். நமக்குப் பணம் வர ரகசிய எண் தேவையே இல்லை. நாம் அனுப்பத்தான் தேவை. தவறிப் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் இணைய மோசடிக்கான உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

கடைசியாக, அந்த உப்பிய சுவர். அதில் மேஸ்திரியின் குறை இருக்க வாய்ப்பு குறைவு. குளியலறையை ஒட்டிய சுவர் என்கிறீர்கள். பெரும்பாலும் டைல்ஸ் இடைவெளி வழியாகவோ சுவருக்குள் போகும் குழாயிலிருந்தோ தண்ணீர் கசிகிறது. ஈரத்தின் மேல் எத்தனை புட்டி இழுத்தாலும் சில மாதங்களில் மறுபடி உதிரும். கசிவை அடைக்கவேண்டியது பிளம்பரும் கொத்தனாரும். அடைத்த பிறகு சுவர் நன்றாகக் காயவேண்டும்; அதற்குச் சில வாரங்கள் ஆகலாம். ஆகவே அந்த ஒரு சுவரை மட்டும் இப்போது விட்டுவிடச் சொல்லுங்கள். உதிர்ந்த புட்டியைச் சுரண்டிச் சிமெண்ட் பூச்சு தெரியும்படி திறந்தே வைக்கட்டும். கடைசி 7,000-இல் இந்தச் சுவருக்கு 1,500 ரூபாயை நிறுத்திவைப்பதாக இப்போதே பேசி, நோட்டிலும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மீதி 5,500-ஐ வேலை முடிந்த அன்றே கொடுத்துவிடுங்கள். சுவர் காய்ந்ததும் அதே மேஸ்திரியைக் கூப்பிடலாம். அதே நிறத்தின் எண் அவரிடம் இருக்கும். வாளி மூடியில் ஒட்டியிருக்கும் நிற எண்ணை நீங்களும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.